கம்பெனி கடல் தாண்டுகிறது. தொழிலாளி எங்கே நிற்கிறான்?

வெளிநாட்டில் கம்பெனி தொடங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இன்று ஊருக்கு ஊர் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். சொல்லப்போனால் அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் ஒரே ஒரு டாலர் மூலதனத்தில் கம்பெனி பதிவு செய்யலாம். அந்த நாட்டில் வசிக்கும் டைரக்டர் ஒருவராவது இருக்க வேண்டும். லாபத்தின் மேல் 17 சதவீதம் வரி. துபாயில் முன்பெல்லாம் சுதந்திர வர்த்தக மண்டலத்துக்கு வெளியே கடை போட வேண்டுமானால், உள்நாட்டுக் கூட்டாளி ஒருவருக்கு 51 சதவீதப் பங்கு கொடுத்தாக வேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. நம் நாட்டு விதிகளும் இளகிவிட்டன. 2022-இல் வந்த புதிய விதிகளின்படி ஓர் இந்தியக் கம்பெனி தன் நிகர மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். அதற்குமுன் அனுமதி கேட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

நல்லது. பணம் நடமாடட்டும், தொழில் பெருகட்டும். நாம் அதற்கு விரோதிகள் அல்ல. ஆனால் அதே சிங்கப்பூருக்குத் தஞ்சாவூரிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ கட்டட வேலைக்குப் போகிறவனின் நிலைமை என்ன? அவனுடைய வேலை அனுமதிச் சீட்டு ஒரே ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. மனைவி மக்களை உடன் அழைத்துப்போய்க் குடும்பமாக வாழ அந்தச் சீட்டில் வழி இல்லை. முதலாளி சீட்டை ரத்து செய்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஒரே துறைமுகம், ஒரே கடல். பணத்துக்கு ஒரு வாசல், உழைப்புக்கு வேறொரு வாசல்.

இந்த விஷயம் நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. ஹடப்சரில் 1966-இல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட், 2012-இல் நெதர்லாந்து அரசுக்குச் சொந்தமாயிருந்த பில்தோவன் தடுப்பூசி உற்பத்திச்சாலையை விலைக்கு வாங்கியது. பக்கத்து முண்ட்வாவில் இருக்கும் பாரத் ஃபோர்ஜ், 2004-இல் ஜெர்மனியின் கார்ல் டான் பெட்டிங்ஹவுஸ் என்ற ஃபோர்ஜிங் கம்பெனியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மகர்பட்டாவின் கண்ணாடி மாளிகைகளிலோ வெளிநாட்டுக் கம்பெனிகளின் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆகக் கம்பெனிகள் போவதும் வருவதும் நம் கண்ணெதிரில், நம் தெருவிலேயே நடக்கிறது. அந்த வாசல்களைக் கூட்டிப் பெருக்குவதும், சாமான் இறக்குவதும், சுவர் எழுப்புவதும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம். ஆகவே இதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கம்பெனி என்பது என்ன?

சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது ஓர் ஆள். சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் 1897-இல் லண்டன் பிரபுக்கள் சபை இதை உறுதிப்படுத்தியது. கம்பெனியில் அநேகமாக எல்லாப் பங்கும் அவருடையது. ஆனாலும் கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனி பட்ட கடனுக்குச் சாலமன் தன் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. இன்று உலகம் முழுவதும் கம்பெனிச் சட்டம் இந்தத் தூணின் மேல்தான் நிற்கிறது.

இதன் பலன் வெளிநாட்டில்தான் முழுசாகத் தெரியும். ஒரு கம்பெனி வேறு நாட்டில் வெறும் கிளை வைத்தால் கிளையின் கடனுக்குத் தாய்க் கம்பெனியே பொறுப்பு. அங்கே தனியாக ஒரு துணைக் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டாலோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. லாபம் சுவரைத் தாண்டித் தாய்வீட்டுக்கு வரும். கஷ்ட நஷ்டம் பெரும்பாலும் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலையை நடத்திய யூனியன் கார்பைட் இந்தியா கம்பெனியில் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் கையில் இருந்தது. ஆனாலும் "அது தனிக் கம்பெனி, நாங்கள் நடத்தவில்லை" என்பதே அமெரிக்கக் கம்பெனியின் வாதமாக இருந்தது. வழக்கை அமெரிக்காவில் நடத்த வேண்டாம், இந்தியாவுக்குப் போங்கள் என்று நியூயார்க் நீதிமன்றம் 1986-இல் அனுப்பிவிட்டது. கடைசியில் 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. லாபம் வாங்கும்போது இல்லாத சுவர், பிணங்களுக்குக் கணக்குக் கேட்டபோது எழுந்து நின்றது.

கண்டிச் சீமையில் நடந்தது

தமிழனுக்கு இந்தப் பாடம் போபாலுக்கு நூறு வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. இலங்கை மலையகத்தில் காடு வெட்டிக் காப்பி போட்டவர்களும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை போட்டவர்களும் நம்மவர்கள். தோட்டங்களின் சொந்தக்காரர்களோ, பெரும்பகுதி லண்டனில் பதிவான கம்பெனிகள். 'ஸ்டெர்லிங் கம்பெனி' என்றே அவற்றுக்குப் பெயர். வெளிநாட்டில் கம்பெனி தொடங்குவது என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

தொழிலாளியை அழைத்துப்போனவர் கங்காணி. முன்பணம் கொடுத்து, அந்தக் கடனிலேயே ஆளைக் கட்டிவைத்தார். கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதிய 'துண்டு' என்ற சீட்டு முறை 1921 வரை சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நேரடியாக ஒரு காகிதம் இல்லை. நடுவில் கங்காணி. இன்று நம் மஜூர் அட்டாவில் நிற்கும் முகாதத்தை நினைத்துப் பாருங்கள், விஷயம் விளங்கும்.

பிறகு என்ன ஆயிற்று? 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். ஆட்டுமந்தையைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

மறுவருஷமே, 1975-இல், நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் கம்பெனித் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. ஸ்டெர்லிங் கம்பெனிகளுக்கு என்ன நடந்தது? நஷ்டஈடு கிடைத்தது. அவற்றின் உரிமை பத்திரத்தில் இருந்தது. கேட்டுவாங்கக் கணக்கப்பிள்ளைகளும் வக்கீல்களும் தங்கள் அரசாங்கமும் இருந்தார்கள். நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களுக்கோ, கப்பலும் ரயிலும் மண்டபம் முகாமும்தான் கிடைத்தன. நீலகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைச் செடியின் அடியிலேயே பலர் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். எடுக்கும்போது கம்பெனியின் சொத்துக்கு விலை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது. தொழிலாளியின் நூறு வருஷ உழைப்புக்கு விலை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே கிடைக்கவும் இல்லை.

கொடைக்கானலும் ஸ்ரீபெரும்புதூரும்

இது பழங்கதை என்று தள்ள முடியாது. 1983-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை அப்படியே பெயர்ந்து கொடைக்கானலுக்கு வந்தது. பின்னால் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று. உள்ளே வேலை பாதரசத்தோடு. 2001-இல் பாதரசக் கண்ணாடிக் கழிவுகள் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர் மக்கள் வெளிப்படுத்தியபின் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. கழிவுக்குக் கப்பல் இரண்டே வருஷத்தில் கிடைத்தது. அங்கே வேலை செய்தவர்கள் சங்கம் கட்டி, வீதியிலும் உயர்நீதிமன்றத்திலும் நின்று, 2016-இல்தான் 591 பேருக்காக ஒரு சமரசத்தை வாங்க முடிந்தது. அதிலும் 'மனிதாபிமான உதவி' என்றுதான் கம்பெனி சொல்லிற்று, பொறுப்பை ஏற்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தொகை கம்பெனியின் கருணையால் வந்ததல்ல. பதினைந்து வருஷம் கலையாமல் நின்ற ஒரு சங்கத்தால் வந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கு 2006-இல் பின்லாந்தின் நோக்கியா வந்தது. உச்ச காலத்தில் எண்ணாயிரம் பேர் அளவுக்கு நேரடி வேலை. பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் பெண்கள் ஏராளம். 2013-இல் வருமானவரித் தகராறு வந்தது. 2014-இல் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, தகராறில் சிக்கிய சென்னைத் தொழிற்சாலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்குள்ளாகவே ஆயிரக்கணக்கானவர்கள் 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! யாருடைய விருப்பம் என்று கேட்க வேண்டியதில்லை.

வரித் தகராறு என்ன ஆயிற்று? இந்தியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையே வரி ஒப்பந்தம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் கீழ் இரண்டு அரசாங்கங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி, 2018-இல் 20 கோடி யூரோ சொச்சத்துக்குத் தீர்த்துக்கொண்டன. கம்பெனிக்குச் சண்டை வந்தால் பேசித் தீர்க்க முன்கூட்டியே ஒரு மேஜை போட்டு வைத்திருந்தார்கள். அந்த மேஜையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை.

ஜெர்மனியில் கற்க வேண்டியது

அப்படியானால் வெளிநாட்டுக் கம்பெனி என்றாலே கெட்டது, உள்நாட்டு முதலாளி என்றால் நல்லவர் என்று முடிவுகட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். முண்ட்வாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன மூலதனத்தைப் பாருங்கள். அங்கே அதற்கு எதிரே என்ன இருந்தது?

ஜெர்மனியில் ஐந்து நிரந்தரத் தொழிலாளர்கள் இருக்கும் சின்னப் பட்டறையில்கூடத் தொழிலாளர் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. குழு இருக்கும் இடத்தில் அதன் கருத்தைக் கேட்காமல் ஒருவரை வேலைநீக்கம் செய்தால் அந்த நீக்கம் செல்லாது. தொழிற்சாலை கைமாறினால் வேலை ஒப்பந்தமும் கூடவே புது முதலாளியிடம் போகிறது. பழைய சர்வீஸ் அழிவதில்லை. அவர்களுடைய சிவில் சட்டத்தின் 613-ஏ பிரிவு இதைத்தான் சொல்கிறது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைச் சபையில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர் பிரதிநிதிகள். 2,000 பேருக்கு மேல் போனால் சரிபாதி. புனேயிலிருந்து போனாலும் சரி, நியூயார்க்கிலிருந்து போனாலும் சரி, அங்கே கால் வைக்கும் எவரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் தொழில் நடத்த வேண்டும்.

ஆக, பணம் எந்த மண்ணில் இறங்குகிறதோ அந்த மண்ணில் தொழிலாளி முன்கூட்டியே எழுதி வாங்கியது எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் அது மரியாதை கொடுக்கும். ஜெர்மன் தொழிலாளிக்கு இது வானத்திலிருந்து விழுந்த வரம் அல்ல. சங்கம் கட்டி, தலைமுறை தலைமுறையாகப் போராடி வாங்கியது. கம்பெனிகளும் அதைத்தான் செய்கின்றன. வெளிநாட்டுக்குப் போகுமுன் வரி ஒப்பந்தம் உண்டா, தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டு, அரசு எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு உண்டா என்று ஒவ்வொன்றையும் காகிதத்தில் வாங்கிக்கொண்டுதான் முதல் காசை வைக்கின்றன. நாம் மட்டும்தான் ஒரு முகாதத்தின் வாய்ச்சொல்லை நம்பிக் குடும்பத்தோடு ரயிலேறுகிறோம்.

நம்முடைய காகிதம் எங்கே?

நமக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்பவர்களுக்கென்று 1979-இலேயே தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதில் நமக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. காண்ட்ராக்டர் கூட்டி வந்தவர் மட்டுமல்ல, தானாகவே ரயிலேறி வந்து வேலையில் சேர்ந்தவரும் இப்போது புலம்பெயர்ந்த தொழிலாளி என்ற கணக்கில் வருகிறார். எல்லாத் தொழிலாளிக்கும் எழுத்துமூலம் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. இவை நல்லவை. ஆனால் பழைய சட்டத்தில் ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பு உண்டு; இப்போது பத்துப் பேர் வேண்டும். மாதச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டினால் புலம்பெயர்ந்தவர் என்ற கணக்கு இல்லை. பாதி மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கிடைக்க வேண்டியிருந்த இடப்பெயர்வுப் படி காணாமல் போய்விட்டது. 1990-இல் ஐக்கிய நாடுகள் சபை புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்காக உருவாக்கிய சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. பணத்தைப் பாதுகாக்க எத்தனையோ நாடுகளோடு கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் பேனா கிடைக்கவில்லையா என்று நாம் கேட்கிறோம்.

இருக்கிற உரிமையையாவது கையில் பிடிப்போம். தோழர்களே, தாய்மார்களே, இந்த மாதமே சில காரியங்களைச் செய்யுங்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நியமனக் கடிதம் கேளுங்கள். முகாதத்தின் பெயர், காண்ட்ராக்டரின் பெயர், வேலை நடக்கும் பெரிய கம்பெனியின் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடினால் பெரிய கம்பெனிதான் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் தெரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? சேமநிதி பிடித்தம் செய்தால் உங்கள் பன்னிரண்டு இலக்க எண்ணை வாங்கி, பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. ஈ.எஸ்.ஐ. அட்டையில் ஊரிலிருக்கும் குடும்பத்தையும் சேருங்கள். ரேஷன் அட்டை ஊரில் இருந்தாலும் அரிசி கோதுமைப் பங்கை இங்கேயே வாங்கலாம். ஆதார் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்தால், மனைவியின் பெயரும் ஹாஜர் புத்தகத்தில் தனியாக ஏற வேண்டும். அவள் கூலி அவள் கைக்கு வர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "உன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்குகிறோம், ஆதாரும் பான் அட்டையும் கொடு, கையெழுத்துப் போடு, மாதம் ஏதாவது தருகிறோம்" என்று யாராவது நம் பிள்ளைகளிடம் வந்தால் கிட்டச் சேர்க்காதீர்கள். ஏழைகளை டைரக்டராகக் காட்டி வெற்றுக் கம்பெனி நடத்துவது நம் நாட்டில் ஒரு தொழிலாகவே இருந்து வந்திருக்கிறது. 2017-இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதியற்றவர்கள் என்று அறிவித்தது. கம்பெனி வேறு, ஆள் வேறு என்ற சுவர் பெரிய மனிதர்களைக் காப்பாற்றும். கையெழுத்துப் போட்ட கூலிக்காரனைத் தேடி நோட்டீஸ் வந்தால், அப்போது அந்தச் சுவர் நமக்குத் துணை நிற்காது.

கடைசியாக, நம் பக்கத்திலேயே இருக்கும் ஓர் உதாரணம். மகர்பட்டாவில் நூற்றுக்கு மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள், நகரம் தங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விழுங்குமுன், சுமார் 400 ஏக்கரையும் ஒன்றாகச் சேர்த்துத் தாங்களே ஒரு கம்பெனியானார்கள். நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு எழுதிக்கொண்டார்கள். இன்று அங்கே நகரம் எழுந்து நிற்கிறது. அவர்களுடைய பங்கும் நிற்கிறது. தனித்தனியாக விற்றிருந்தால் பணம் வந்த வழியே போயிருக்கும். அவர்களிடம் நிலம் இருந்தது. நம்மிடம் கை மட்டும்தான் இருக்கிறது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அவர்களைக் காப்பாற்றியது நிலம் மட்டுமல்ல. ஒன்றாகச் சேர்ந்ததும், சேர்ந்ததை எழுதி வைத்ததும். அந்த இரண்டும் கை மட்டுமே உள்ளவர்களாலும் முடியும்.

ஹடப்சர் காடித்தல் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தங்கள் வேலைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வர வேண்டும். எது இருக்கிறது, எது இல்லை என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்கெடுப்போம். மராட்டியத் தொழிலாளியும், பீகாரிலிருந்து வந்தவரும், கன்னடக்காரரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள். இல்லாத காகிதங்களின் பட்டியலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவோம். கம்பெனிகள் வரட்டும், போகட்டும். அவை போகும் நாளில் நமக்கு என்ன பாக்கி என்பது, இன்றைக்கே எழுத்தில் இருக்க வேண்டும்.